பேராசிரியர் ஹால்டேன்

மாவில் ஒட்டுக் கட்டுவோர் வேறொரு மரத்தின் கிளையைக் கொணர்ந்து இணைப்பர். அது தழைத்துக் கனியும் தரும். விலங்கின் உடலோ அயலதை அங்ஙனம் ஏற்பதில்லை. ஓர் எலியின் தோலை வேற்றினத்து எலியின்மீது பொருத்தின், சின்னாட்களில் அது கருகி உதிரும். இதன் காரணம் காணும் நெறியைச் சுட்டியவருள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். நம் நாட்டையே தம் நாடாகக் கொண்டு மறைந்த இவ்வறிஞர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். கல்லூரியில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் பயின்றாரேயன்றி, விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றிலர். ஆயினும் தங்கை நவோமியுடனும் நண்பர் ஸ்பிரண்ட்டுடனும் எலிகளை ஆராய்ந்து, அவற்றின் இரு நிறக்கூறுகள் மரபில் இணைந்தே செல்வதைக் கண்டார். அக்கட்டுரை வெளிவந்த 1915-ஆம் ஆண்டிலேயே ஸ்பிரண்ட் போரில் மாண்டார். ஹால்டேனும் அப்போரில் காயமுற்றார்.

1933-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியற் பேராசிரியரானார். எலிகளிடைப் பொருத்திய கட்டிகள் அழிவதற்கு, இயல்பான திசுக்களில் மரபுவழி அமைந்த வேறுபாடே காரணமாகலாம் என அவர் கருதினார். அவரிடம் மரபியல் பயின்ற பீட்டர் கோரர், எலிக்குருதியை ஆராய்ந்து அக்கருத்து மெய்யென நாட்டினார். பின்னர் அமெரிக்க அறிஞர் ஸ்னெல்லும் அவரும் கூடி, 1948-இல் அம்மரபிடத்துக்கு எச்-2 எனப் பெயரிட்டனர்.

எச்-2 முற்றும் ஒத்திருப்பினும், பொருத்திய தோல் பலகால் மெல்ல அழியக் கண்டனர். சிறு ஆன்டிஜென்கள் எனப்படும் வேறு பல மரபுக்கூறுகளே அதற்குக் காரணம். தனித்தனியே வலி குன்றியவையாயினும், பல ஒருங்கு கூடின் அவை பெரியதன் வலிமையையும் எய்தும். 1955-இல் ஐக்வால்டும் சில்ம்சரும் ஓரின எலிகளிலேயே ஆணின் தோலைப் பெண் ஏலாமையைக் காட்டினர். எலியில் கண்ட இவ்வுண்மை மனிதர்க்கும் பொருந்தும். பெரிய கூறுகள் ஒத்த உடன்பிறந்தார் ஈந்த எலும்பு மச்சையும் நோயாளியின் உடலைத் தாக்குதல் உண்டு. உயிர்க்கே ஊறு நேர்வதும் உண்டு.

1957-இல் ஹால்டேன் மனைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்து, இந்தியப் புள்ளியியற் கழகத்தில் பணியாற்றினார். பின்பு இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1962-இல் புவனேசுவரம் சென்ற அவர், 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயால் அங்கு மறைந்தார். அவர் விரும்பியவாறே, அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

அவர் கடவுளை நம்பினாரல்லர். கிறிஸ்தவராகிய நாம் அதில் அவரோடு உடன்படோம். எனினும், அயல் தசையை உடல் ஏலாமையின் காரணம் தேடியவர், அயல்நாட்டைத் தமதாக ஏற்றார். தம் உடலையும் அந்நாட்டு மாணவர்க்கே ஈந்தார். பிறர்க்குத் தன்னை ஈதலே அன்பெனக் கற்கும் நாம், அவ்வீகையை வணங்காதிருத்தல் எங்ஙனம்?