கரம்பொன்னில் பிறந்த புத்தக வழிகாட்டி

வாசிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். உம்ராவுக்கு யாருடன் போகலாம், எந்தக் கடையில் புரியாணி நன்றாக இருக்கும் என்று வட்ஸ்அப் குழுமத்தில் கேட்டால் பத்துப் பேர் உடனே பதில் போடுவார்கள். புத்தகம் என்று கேட்டால் குழுமமே அமைதியாகிவிடும். இல்லாவிட்டால், அனுப்பியவரே திறந்து பார்க்காத ஒரு பீடிஎஃப் வந்து விழும். இதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு தீவக மனிதரின் நினைவு வருகிறது. அவர் முஸ்லிம் அல்லர், கத்தோலிக்கப் பாதிரியார். பெயர் தனிநாயகம் அடிகள்.

அவர் பெயரைச் சொன்னதும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த மாநாடுகளுக்கு அடித்தளமாக இருந்த வேறொரு பணியைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, யார் அதைப் படிக்க வேண்டும் என்று பிறருக்குச் சொல்வதையே தன் ஆயுளின் பெரும்பகுதியில் அவர் செய்துவந்தார். நம் சமூகத்துக்கு இன்று மிகவும் தேவைப்படும் பணி அது என்பதால்தான் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையில் உள்ள கரம்பொன் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை நெடுந்தீவைச் சேர்ந்தவர், தாய் கரம்பொன்னைச் சேர்ந்தவர். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பது வீட்டார் வைத்த பெயர். தனிநாயகம் என்ற முன்னோர் பெயரைப் பின்னாளில் அவரே சேர்த்துக்கொண்டார். தீவகத்தை அறிந்தவர்களுக்கு அந்த மண்ணின் தன்மை தெரியும். நயினாதீவில் அம்மன் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவுக்குள் இருக்கின்றன. மண்கும்பான் கடற்கரையிலும் நம் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அடுத்தவனின் தொழுகையையும் பூசையையும் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை வளரக்கூடிய இடம் அது.

ஊர்காவற்றுறையிலும் பிறகு யாழ்ப்பாணம் சென் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் குருமடம், அடுத்து ரோம். அங்கே 1938இல் குருவாகி, இறையியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் என்று மொழிகள் ஒவ்வொன்றாகக் கைவந்தன. ஆனால் அவருடைய பள்ளிக் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டிலும் வீதியிலும் பேசிய தமிழின் இலக்கியம் அவருக்குப் பெரும்பாலும் மூடிய கதவாகவே இருந்தது.

அந்தக் கதவு திறந்தது திருநெல்வேலிப் பக்கத்தில். 1940இல் வடக்கன்குளம் என்ற ஊருக்கு ஆசிரியராகப் போனார். கலாநிதிப் பட்டம் பெற்ற குருவானவர் அங்கே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்து இலக்கணமும் இலக்கியமும் படித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வையும் அங்கேயே செய்தார். இந்தப் பருவம் முக்கியமானது. எதை முதலில் படிப்பது, எதற்குப் பின் எது என்று ஒருவர் கைபிடித்துக் காட்டாவிட்டால் ஒரு பெரிய இலக்கியத்துக்குள் நுழைய முடியாது என்பதை அவர் தன் அனுபவத்தால் அறிந்தவர். பின்னாளில் மற்றவர்களுக்கு அவர் செய்ததெல்லாம் இதைத்தான்.

1949 முதல் சில ஆண்டுகள் ஜப்பான், அமெரிக்க நாடுகள், ஐரோப்பா என்று பயணம் செய்தார். போன இடங்களில் தமிழைப் பற்றிப் பேசினார். தமிழ் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத அறிஞர்கள் பலரைக் கண்டார். பேச்சு காற்றோடு போய்விடும், கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். 1952இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். பிரான்சின் ஃபிலியோசா, செக் நாட்டின் கமில் சுவெலபில், அமெரிக்காவின் எமனோ போன்றவர்களின் கட்டுரைகள் அதில் வந்தன. தமிழ் தெரியாத ஒருவர் எங்கே தொடங்கலாம் என்பதற்கு அந்த இதழ் வாசலாக இருந்தது.

அதே காலத்தில் நூலகம் நூலகமாகத் தேடவும் செய்தார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் வேதப் புத்தகம், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் ஆகிய முதல் அச்சு நூல்களைப் பற்றி 1958இல் விரிவாக எழுதினார். 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ் போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைப் படியெடுத்து 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பதிப்பித்தார். எங்கோ ஓர் அலுமாரியில் உறங்கிய புத்தகம் மாணவர்களின் கைக்கு வந்தது.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்தார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. இத்தனை வேலைகளுக்கும் நடுவே, அதே 1966இல், தமிழியலுக்கான நூல் வழிகாட்டி ஒன்றை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். துறைவாரியாகப் பிரித்த நூற்பட்டியல் அது. 1970இல் தமிழர் பண்பாடு பற்றிய தேர்ந்தெடுத்த வாசிப்புகளின் தொகுதி ஒன்றையும் கொண்டுவந்தார். முதலாவது என்ன இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது எதிலிருந்து தொடங்கு என்று சொல்கிறது. மாநாட்டின் பந்தலை மூன்றாம் நாள் பிரித்துவிடுவார்கள். பட்டியலும் தொகுதியும் நூலகத்தில் நிற்கும்.

இதைப் படிக்கும்போது நம்மவர் ஒருவர் ஞாபகத்துக்கு வர வேண்டும். பக்தாதில் புத்தகம் படியெடுத்து விற்கும் வர்ராக் தொழில் செய்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987-88இல், அல் ஃபிஹ்ரிஸ்த் என்ற நூலைத் தொகுத்தார். அரபு மொழியில் அன்று கிடைத்த நூல்களின் பட்டியல் அது, பத்துப் பகுதிகள் கொண்டது. குர்ஆன் கலைகள், இலக்கணம், கவிதை, ஃபிக்ஹ், மருத்துவம், கதைகள் என்று எல்லாமே இருந்தன. மற்ற மதத்தவரின் நூல்களுக்கும் அதில் இடம் உண்டு. அவர் குறித்த நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அப்படியொரு நூல் இருந்தது என்பதற்குப் பல இடங்களில் அவருடைய குறிப்பு ஒன்றே சாட்சி. கரம்பொன் பாதிரியார் செய்தது இந்தப் பழைய வேலையைத்தான். நம் பாரம்பரியத்தின் ஒரு கடமையை நாம் மறந்திருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1974 ஜனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் திகதி இறுதிக் கூட்டத்தில் திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நயினார் முகம்மது பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்த வேளையில் பொலிஸார் புகுந்தனர். அன்று ஒன்பது உயிர்கள் போயின. தமிழ் ஆய்வின் மேடையில் அன்றிரவு ஒலித்த கடைசிக் குரல்களில் ஒன்று ஒரு முஸ்லிம் அறிஞருடையது. இந்த வரலாற்றை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அடிகள் 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார். ஒன்பது மாதங்களில், 1981 மே கடைசியில் தொடங்கிய வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார். நூலகத்தை மறுபடி கட்டும்போது சுவர் எழுப்புவது சுலபம். எந்தெந்த நூலைத் தேடுவது என்பதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலின் அருமை நெருப்புக்குப் பின்னர்தான் தெரியும்.

நமக்கும் ஒரு நாள் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். கையில் பிடித்த பிள்ளையும் ஒரு பையும்தான் மிச்சம். மாலைகளும் முனாஜாத்துகளும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் வாப்பாமார் சேர்த்துவைத்த சஞ்சிகைகளும் வீடுகளிலேயே நின்றுவிட்டன. வீட்டின் பெறுமதியைப் பின்னர் கணக்குப் போட்டோம். காணியின் எல்லையை நினைவிலிருந்து சொன்னோம். என்னென்ன புத்தகங்கள் இருந்தன என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. பெயர் தெரியாத புத்தகத்தை எப்படித் தேடுவது?

நம்மிடம் வழிகாட்டிகளே இருந்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை ஆய்வு செய்தார். அந்த நூல் 1953இல் கல்ஹின்னையிலிருந்து வெளிவந்தது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். சீறாப்புராணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை காப்பியங்கள் நமக்கு உண்டு என்பதை அவர் வழியாகத்தான் பலர் அறிந்தோம். சித்தி லெப்பை 1885இல் எழுதிய அஸன்பேயுடைய கதை இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. இந்தப் பெயர்கள் பரீட்சைத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருகின்றன. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளையைக் காண்பது அரிது.

அடிகளின் வாழ்க்கையிலிருந்து மூன்று விடயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பார்க்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கக் கூடாது. ஹதீஸ் கலையில் நம் இமாம்கள், இதை யார் உனக்குச் சொன்னார் என்று கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஓர் அறிவிப்பாளரைச் சந்திக்கப் பல நாள் பயணம் போனவர்கள் அவர்கள். அந்த உம்மத்தில் வந்த நாம், வாசிக்காத பீடிஎஃப்பை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். பரிந்துரை ஓர் அமானிதம். ஒரு பிள்ளையின் பத்து மணி நேரத்தை நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள்.

இரண்டாவது, மற்றவரின் அலுமாரியையும் திறக்க வேண்டும். கத்தோலிக்கக் குரு, சங்க இலக்கியத்தையும் சைவத் திருமுறைகளையும் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதனால் அவருடைய ஈமான் குறைந்துவிட்டதாக அவருடைய சபை நினைக்கவில்லை. நம்முடைய பட்டியலில் மார்க்க நூல்கள் முதலில் இருக்கட்டும். அவற்றோடு திருக்குறளும் சங்கப் பாடலும் நல்ல சிங்கள நாவலின் மொழிபெயர்ப்பும் இருக்கட்டும். அவ்வாறே, நம் நூல்கள் மற்றவர்களின் பட்டியலில் ஏறவில்லை என்று முறையிடுவதற்கு முன், அவர்கள் எடுத்துப் படிக்கத்தக்க ஒரு பட்டியலை நாம் கொடுத்திருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எழுதி வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் நன்றாக வாசித்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மௌலவிமார், பழைய சஞ்சிகைகளைக் கட்டிக் காத்தவர்கள். இவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் வாசிப்பும் அவர்களோடு போகிறது.

என்னுடைய யோசனை செலவில்லாதது. வரும் ரமழானுக்குள் ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் அந்த மஹல்லாவின் நல்ல வாசகர்கள் ஐந்து பேரிடம் ஆளுக்குப் பத்துப் புத்தகங்கள் கேட்கட்டும். தாங்களே முழுமையாக வாசித்தவை மட்டும். தலைப்பு, ஆசிரியர், என்ன வயதுக்கு ஏற்றது, ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி, எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய எண்ணிம நூலகத்தில் நம் பழைய நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன, அதையும் குறித்துவிடலாம். அதை அச்சடித்துப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், மத்ரஸாவுக்கும் பாடசாலைக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

கரம்பொன் பாதிரியார் அந்த வேலையைத் தனி ஆளாகத் தொடங்கினார். நாம் ஒரு ஜமாஅத்தாக இருக்கிறோம். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் ஊரில் யாரேனும் ஒருவர் நிர்வாகத்திடம் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், இன்ஷா அல்லாஹ்.