ஹைன்றிக் ஹேர்ட்ஸ்

ஹைன்றிக் ருடோல்ஃப் ஹேர்ட்ஸ் (பெப்ரவரி 22, 1857 – ஜனவரி 1, 1894) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். மின்காந்த அலைகள் இருப்பதைச் சோதனை மூலம் நிறுவியவர். அதிர்வெண்ணின் அலகு இவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. ஹாம்பர்க் நகரில் பிறந்த இவர், 1880இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராகப் பணியாற்றினார்.

தொடுகைக் கோட்பாடு

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடி வில்லைகளுக்கிடையே தோன்றும் நியூட்டன் வளையங்களை ஆராய்கையில், அழுத்தத்தால் வில்லைகளின் வடிவம் மாறுமே என்ற ஐயம் இவருக்கு எழுந்தது. மீள்தன்மையுடைய இரு வளைபரப்புகள் அழுத்தப்படும்போது ஏற்படும் உருமாற்றத்தைக் கணித்து 1882இல் வெளியிட்டார். இதன்படி, இரு கோளங்கள் தொடும் வட்டத்தின் ஆரை, விசையின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும்; விசை 8 மடங்கானால் ஆரை 2 மடங்காகும். குண்டுத் தாங்கி, தொடருந்துச் சக்கரம் ஆகியவற்றின் வடிவமைப்பில் இக்கோட்பாடு பயன்படுகின்றது.

பரப்புகள் வழுவழுப்பானவை, உராய்வற்றவை என ஹேர்ட்ஸ் கொண்டார். உண்மையான பரப்புகளிலோ நுண்ணிய மேடுகள் உள்ளன. அவற்றின் நுனிகளே ஒன்றையொன்று தொடுகின்றன. 1966இல் கிரீன்வுட், வில்லியம்சன் ஆகியோர் ஒவ்வொரு நுனிக்கும் ஹேர்ட்சின் சமன்பாட்டையே பயன்படுத்தி, கரடான பரப்புகளுக்கான மாதிரியை உருவாக்கினர்.

இறுதிக்காலம்

1889இல் பொன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஹேர்ட்ஸ், அந்நகரிலேயே தமது 36ஆவது அகவையில் காலமானார்.