ஸர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு

உடலைக் கீறாமலே அதன் உள்ளமைப்பைக் காணலாகும் என்பதை 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் உலகிற்குக் காட்டினார். ஆயினும், அவர் கண்ட எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாய்த் தோன்றுமேயன்றி, மூளை, ஈரல் முதலிய மெல்லுறுப்புக்கள் ஒன்றன்மேலொன்று படிந்த நிழல்களாய் மயங்கும். அம்மயக்கத்தை நீக்கியவர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், நியூவார்க் என்னும் ஊரில் உழவர் குடியொன்றில் ஐந்து மக்களுள் இளையவராய்த் தோன்றினார். தாமே செய்த சிறகுப்பொறியைப் பூண்டு வைக்கோற்போரின் உச்சியினின்று பாய்தல் போன்றன இவர்தம் இளமை விளையாட்டுக்கள். பள்ளியிற் கணக்கும் பௌதிகமுமே இவர் மனத்தைக் கவர்ந்தன. இரண்டாம் உலகப்போரில் விமானப்படையிற் சேர்ந்து ராடார்க் கருவிகளைப் பயின்றார். பின்னர் லண்டன் பாரடே மாளிகையிற் பொறியியற் சான்றிதழ் பெற்று, 1951இல் இ. எம். ஐ. கம்பெனியில் அமர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாரல்லர்.

ஒரு பொருளைத் திறவாமலே, பல திசைகளினின்றும் கதிர் பாய்ச்சி, உட்கவரப்பட்டது போக எஞ்சிய கதிரை அளந்தால், உள்ளிருப்பதைக் கணக்கிட்டறியலாம் என்னும் எண்ணம் 1967இல் இவருக்கு உதித்தது. முதற் சோதனையில் ஓர் உருவை அளப்பதற்கு மட்டும் ஒன்பது நாட்கள் சென்றன. இவரோ சலித்தாரல்லர். கொலைக்களத்தினின்று மாட்டின் மூளையை வாங்கிவந்து ஆராய்ந்தார். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் அட்கின்ஸன் மார்லி மருத்துவமனையில் ஒரு மாதின் மூளைநோய் இக்கருவியாற் புலனாயிற்று. முழுவுடலையும் காட்டும் கருவி 1975இல் அமைந்தது.

இவர் பெயரால் வழங்கும் அளவையில் நீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறக்குறைய -100. நலமுள்ள ஈரல் மருந்தேற்றாத படத்தில் 50 முதல் 65 வரை நின்று, மண்ணீரலினும் சிறிது வெண்மையாய் விளங்கும். ஈரலிற் கொழுப்பு மிகுந்தால் அவ்வெண் தாழ்ந்து, 40க்கும் குறையும்; படமும் கருகித் தோன்றும். இரும்பு மிகுந்தால் எண் உயரும். இரண்டும் ஒருங்கே கூடினால் ஒன்றையொன்று மறைத்தலுமுண்டு. சிறிதளவு கொழுப்பு எண்ணில் வெளிப்படாது ஒழிதலுமுண்டு. ஆதலின், எண்ணொன்றையே நம்பி மருத்துவர் முடிவு செய்யார். எனினும், கொழுப்பேறிய ஈரல் நெடுநாள் வலியின்றி இருப்பதாகலின், நோயாளி உணராததை இந்நிழல் முன்னரே உணர்த்துதல் சிறுபயனன்று. மதுவைத் தீண்டாதாரையும், நீரிழிவுடையாரையும் இந்நோய் பற்றும் அன்றோ? மஞ்சக்குட்டையினின்று மலையிறங்கிச் சேலம் சென்று படமெடுப்பார்க்கும், லண்டன் மாநகரில் எடுப்பார்க்கும் அளவுகோல் இதுவே.

இக்கணக்கினை 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே தனித்து வகுத்து வெளியிட்டவர் ஆலன் கார்மக் என்னும் பௌதிகர். அஃதறியாமலே ஹவுன்ஸ்பீல்டு தம் வழியிற் சென்று கருவியை ஆக்கினார். 1979இல் மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசு இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மருத்துவம் பயின்றவர் இருவருள் ஒருவருமிலர். 1981இல் ஸர் பட்டம் பெற்ற ஹவுன்ஸ்பீல்டு, மணம் புரியாது எளிய வாழ்வு நடத்தி, 2004 ஆகஸ்டு 12ஆம் நாள் மறைந்தார்.

பட்டமின்மையைத் தடையாகக் கொள்ளாது, கண்ட ஐயத்தை இறுதிவரை தொடர்ந்தமையே இவர்தம் பெருமை. கல்லூரி மாணவராகிய நாம் பெறும் பட்டமும் அத்தகைய முயற்சிக்குத் துணையாதலன்றி, அதற்கு ஈடாகாதென்பதை நினைவிற் கொள்வோமாக.