கோழிக் கூட்டத்தில் யார் ‘பாஸ்’? நோட்டுப் போட்டு கண்டுபிடித்த நார்வே சிறுவன்!

வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தீவனத்தைத் தூவியதும் எல்லாக் கோழியும் ஓடி வரும். ஆனா முதலில் கொத்துவது பெரும்பாலும் அதே கோழிதான். ஒன்று மட்டும் ஓரமாகவே நிற்கும். கிட்ட வந்தால் தலையில் ஒரு கொத்து விழும்.

நாம இதைப் பார்த்துட்டு வேற வேலைக்குப் போயிடுவோம். நார்வேயில் ஒரு சிறுவன் அப்படிப் போகவில்லை.

அவர் பெயர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எபே. 1894-ல், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே சிற்பிகள். மகனுக்கோ கோழிகள் மேல் பித்து! ஒவ்வொரு கோழியையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொண்டு, எது எதைக் கொத்துகிறது, எது ஒதுங்கிப் போகிறது என்று சிறு வயதிலேயே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

கோழிகள் போடும் சண்டை கண்டபடி நடப்பதில்லை என்பதுதான். இரண்டு கோழிகள் முதல்முறை சந்திக்கும்போது மோதிப் பார்க்கும், அல்லது ஒன்று பயந்து விலகும். அதோடு கணக்கு முடிந்தது. அடுத்த முறை ஜெயித்தது கொத்தும், தோற்றது நகர்ந்துவிடும். 10 கோழிகள் இருந்தால் 45 ஜோடிகள். அத்தனைக்கும் இப்படி ஒரு தீர்ப்பு உண்டு. அதாவது, யார் யாரென்று கோழிக்கு நன்றாகத் தெரியும், ஞாபகமும் இருக்கும். கோழிக்கு மூளையே இல்லை என்று கிண்டல் செய்பவர்கள் கவனிக்க!

உடம்பு பெருசா இருந்தால் மட்டும் முதலிடம் கிடைத்துவிடாது. வயசு, உடல்நலம், முதல் மோதல் நடந்த அன்று இருந்த தெம்பு எல்லாமே சேரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், ஆனால் அந்த மூன்றாவது போய் முதல் கோழியையே கொத்தும்! வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை என்பதை இந்த முக்கோணங்கள் மூலம் அவர் காட்டினார்.

1922-ல் இந்த ஆய்வு ஜெர்மன் மொழியில் வெளியானது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆங்கிலத்தில் இன்று ஆபீஸ் அரசியல் வரை புழங்கும் ‘பெக்கிங் ஆர்டர்’ என்ற சொல். தமிழில் சொன்னால், கொத்தும் வரிசை.

சொந்த ஊரில் கிடைத்த கொத்து

சொல் உலகம் சுற்றியது. அவர் வாழ்க்கை அப்படிப் போகவில்லை. நார்வேயின் முதல் பெண் பேராசிரியரான கிறிஸ்டினே போன்னெவி ஆரம்பத்தில் அவரை ஆதரித்தார். பிறகு, அவரைக் கேலி செய்யும் கட்டுரை ஒன்று வெளியாக, அதை எழுதியது இந்த மாணவர்தான் என்ற சந்தேகம் எழுந்தது. எழுதியது அவர் இல்லை என்பது குடும்பத்தார் தரப்பு சொல்லும் கதை. எப்படியோ, உறவு முறிந்தது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

வரிசையின் மேலே இருப்பவர் நினைத்தால் கீழே இருப்பவரை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதை, அவர் கோழிகளிடம் மட்டும் பார்க்கவில்லை போல.

ஆனால் வெளிநாடுகள் அவரைக் கவனித்தன. 1935-ல் அமெரிக்காவில் வெளியான சமூக உளவியல் கையேட்டில், பறவைகளின் சமூக நடத்தை பற்றிய அத்தியாயத்தை எழுதியது இவர்தான். சிகாகோவில் வார்டர் ஆலி குழுவினர் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அடிக்கடி கோழிகளை மாற்றி வரிசையைக் கலைத்தால் சண்டை கூடும், தீனி குறையும், முட்டையும் குறையும் என்று 1940-களில் அவர்கள் காட்டினார்கள். புதுக் கோழியை திடீரென்று கூட்டத்தில் விடாதீங்க என்று கோழி வளர்ப்பவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

ஷெல்டெரூப்-எபே பிற்காலத்தில் கவிதைகளும் எழுதினார். அவர் மகன் டாக் இசை ஆய்வாளரானார். கோழிகளின் கணக்கை எழுதி வைத்த அந்த மனிதர் 1976-ல் காலமானார்.