கதை சொன்ன மருத்துவர்

கதைக்குக் கரு, களம், பாத்திரம் மூன்றும் வேண்டும் என்பர். விஞ்ஞான மாணவனாகிய எனக்கு அவற்றை விளங்க வைத்தவர் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ்.

1860-இல் டாகன்ராக் நகரில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பாட்டனார் பண்ணையடிமையாயிருந்து பணம் கட்டி விடுதலை பெற்றவர். 1876-இல் தந்தை கடனில் நொடித்து மாஸ்கோ சென்றுவிட, செகாவ் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பள்ளிப் படிப்பை முடித்தார். மாஸ்கோவில் மருத்துவம் பயின்றவாறே கதைகள் எழுதிக் குடும்பத்தைக் காத்தார், 1884-இல் மருத்துவரானார். 1904-இல் காசநோயால் மறைந்தார்.

1886-இல் அவர் எழுதிய 'வான்கா'வில் ஒன்பது வயதுச் சிறுவன் பாத்திரம். அவன் வேலை பழகும் செருப்புத் தைப்பவர் வீடு களம். தன்னை அழைத்துப்போகத் தாத்தாவுக்கு எழுதும் கடிதமே கரு. உறையில் ஊர்ப் பெயரில்லை. கடிதம் சேராதென்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கதையின் உயிர் அங்கேதான்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தாவிடம் இக்கதையைச் சொன்னேன். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை.