சேரிக்கு வந்த தாராஸ் சாமியார்

திருவண்ணாமலைக்கு வடகிழக்கே சேத்துப்பட்டில் ஓங்கி நிற்கும் லூர்து மாதா கோவிலைக் கட்டியவர், 1835இல் பிரான்சில் பிறந்த தாராஸ் சாமியார். அந்தக் கோவிலைவிட நமக்குப் பெரிது, அவர் நம் சேரிகளைத் தேடி வந்தது.

1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டன் பூட்டன்களே. கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்று இன்றும் ஏளனம் செய்கிறார்கள். (அன்று கஞ்சி ஊற்றாத ஊர்தான் இப்படிப் பேசுகிறது!) பஞ்சம் போனது; சாமியார் போகவில்லை. 1916இல் இம்மண்ணிலேயே இறந்தார்.

ஞானஸ்நானம் பெற்றும் தீண்டாமை நம்மை விடவில்லை. ஆனாலும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியில் நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் ஆணையைத் திருத்தினார்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் இன்னும் வெளியேதான்.