மெதுவாக ஓடக் கற்றுத் தந்தவர்

ஓடத் தொடங்குவது எளிது. மூன்றாவது வாரத்தைக் கடப்பதுதான் கடினம். திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் அதிகாலையில் ஓடுபவர்களுள் நானும் ஒருவன். என்னைக் கடந்து செல்லாதவர் அங்கே குறைவு. தை பிறக்கும்போது புதுக் காலணியுடன் வருபவர்களில் பலரை மாசி பிறக்கும்போது காண முடிவதில்லை. கால்வலியால் நின்றவர்கள் சிலர். கூச்சத்தால் நின்றவர்களே மிகுதி. ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது, வயதில் மூத்தவர் முந்திச் செல்கிறார், இது நமக்கு ஒத்துவராது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

அப்படி நின்றுபோகும் ஒவ்வொருவருக்கும் ஆர்தர் லிடியார்ட்டின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1917 ஜூலை 6 அன்று பிறந்து, 2004 டிசம்பர் 11 அன்று, தம் 87-ஆம் வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தின்போது மறைந்தவர் அவர். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கிய பயிற்சியாளராக உலகம் அவரை அறியும். பின்னலாடை நகரத்தில் வாழும் எனக்கோ அவர் முதலில் ஒரு காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி.

இளமையில் ரக்பி ஆடியவர் லிடியார்ட். அதனால் தம் உடல் உறுதியானது என்றே நம்பியிருந்தார். ஏறத்தாழ 27 வயதில், லின்டேல் தடகள மன்றத்தின் தலைவரான ஜாக் டோலன் அவரை 5 மைல் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். டோலன் அவரைவிட வயதில் மிக மூத்தவர். ஆயினும் அந்த 8 கிலோமீட்டர் முடிவதற்குள் இளையவரின் நெஞ்சு பதறியது, கால்கள் தளர்ந்தன. 27 வயதிலேயே இந்த நிலை என்றால் 47 வயதில் தம் உடல் என்னவாகும் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அன்று தொடங்கிய ஓட்டத்துக்குப் பதக்க ஆசை காரணமல்ல. முதுமையைப் பற்றிய கவலையே காரணம்.

அவருக்குப் பயிற்சியாளர் எவரும் இல்லை. குறுகிய தொலைவுகளை மிக வேகமாக, திரும்பத் திரும்ப ஓடுவதே அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த முறை. அது தம்மைக் களைப்படையச் செய்வதை உணர்ந்த லிடியார்ட், தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். சில வாரங்களில் மிகக் குறைவாக ஓடிப் பார்த்தார். சில வாரங்களில் 250 மைல் வரை ஓடிப் பார்த்தார். எந்த அளவு மறுநாள் மீண்டும் ஓட இடம் தருகிறது, எந்த அளவு உடலை முறிக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். இவ்வளவும் தொழிற்சாலை வேலைக்கு நடுவே. குடும்பச் செலவை ஈடுகட்டப் பால் விநியோகமும் செய்தார்.

அவர் கண்ட முடிவு இன்று பொது அறிவாகிவிட்டது. அன்று அது விந்தையாகத் தோன்றியது. பக்கத்தில் ஓடுபவரோடு உரையாடக்கூடிய நிதான வேகத்தில் நெடுந்தொலைவு ஓடுவதே வலிமைக்கு அடித்தளம். வேகப் பயிற்சி அதன்மேல் கடைசியாகச் சேர்க்க வேண்டியது. இதற்கு உடலியல் காரணம் உண்டு. மூச்சுத் திணறாமல் நெடுநேரம் ஓடிப் பழகும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைச் செலுத்தும் திறன் பெறுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இவை வாரங்களிலும் மாதங்களிலும் நிகழும் மாற்றங்கள். மூன்றாவது வாரத்தில் நிறுத்துபவர் இவற்றின் பலனைக் காணும் முன்பே விடைபெற்றுவிடுகிறார்.

5 மைலில் திணறிய அவர், முப்பதுகளின் நடுப்பகுதியில், 1953-ஆம் ஆண்டிலும் 1955-ஆம் ஆண்டிலும் நியூசிலாந்தின் மாரத்தான் வாகையர் ஆனார். அக்கம்பக்கத்து இளைஞர்கள் அவரைப் பின்தொடரத் தொடங்கினர். ரக்பி ஆட்டத்தில் காயமுற்று இடக்கை செயலிழந்த மரே ஹால்பெர்க் அவர்களில் ஒருவர். பீட்டர் ஸ்நெல் மற்றொருவர். வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஞாயிறுகளில் வைட்டாகெரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர். 800 மீட்டர் ஓடுபவருக்கும் இதே பயிற்சி என்பது வல்லுநர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ரோம் ஒலிம்பிக்கில் 1960 செப்டம்பர் 2 அன்று ஒரே பிற்பகலில் ஸ்நெல் 800 மீட்டரிலும் ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். அதே ஒலிம்பிக்கில் பாரி மகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் ஸ்நெல் 800, 1,500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

பதக்கங்களோடு இந்த வரலாறு முடிந்திருந்தால் எங்கள் மைதானத்தில் இதைச் சொல்ல வேண்டிய தேவை இராது. ரோம் வெற்றிக்குப் பிறகு நடுவயது வணிகர்களும் அலுவலர்களும் லிடியார்ட்டிடம் வந்தனர். அவர்களில் மாரடைப்பு கண்டவர்களும் இருந்தனர். இதய நோயாளிக்கு ஓய்வே மருந்து என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. சிறிது ஓட்டம், சிறிது நடை, பேச முடிகிற வேகம், போட்டியே வேண்டாம் என்று அவர்களுக்கு அவர் வழிகாட்டினார். பிற்காலத்தில் ஆக்லாந்தின் மேயரான காலின் கே போன்றோரின் துணையோடு 1962-இல் அங்கே மெல்லோட்டக்காரர்களுக்கென்றே ஒரு மன்றம் பிறந்தது. வாகையர்களுக்கு விதித்த 160 கிலோமீட்டரை இவர்களிடம் அவர் கேட்கவில்லை. அடிப்படை விதி மட்டும் இருசாராருக்கும் ஒன்றாகவே இருந்தது: நாளை மீண்டும் ஓட முடியாத அளவுக்கு இன்று ஓடக் கூடாது.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன் 1962-ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்றபோது, லிடியார்ட் அவரை இந்தக் கூட்டத்தோடு ஓட அழைத்துச் சென்றார். போவர்மனுக்கு அப்போது வயது 51. உலகத்தரம் வாய்ந்த வீரர்களை உருவாக்கிய அவரால் எளிய மக்களோடு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபதைக் கடந்த, இதய நோய் கண்ட ஒரு முதியவர் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினார். ஊர் திரும்பிய போவர்மன் யூஜீன் நகரில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் கற்பித்தார். இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அதைப் பற்றி நூலும் எழுதினார். பின்னர் நைக்கி என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் அவரும் ஒருவர்.

இந்த இடத்தில் என் எண்ணம் திருப்பூருக்குத் திரும்புகிறது. உலகின் பல நகரங்களில் காலையில் ஓடுவோர் அணியும் டி-ஷர்ட்டுகளில் எங்கள் ஊரில் தைக்கப்பட்டவையும் உண்டு. அவற்றைத் தைப்பவர்கள் ஓடுகிறார்களா? பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாடச் சொல். காலை எட்டரைக்கு நுழைபவர் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். ஓவர்லாக் தைப்பவர் நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருக்கிறார். செக்கிங், அயர்னிங் செய்பவர் நாள் முழுதும் நின்றிருக்கிறார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வருமான இழப்பு. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இவர்களைத் தேடி வருவதில் வியப்பில்லை.

லிடியார்ட்டும் தொழிலாளிதானே, அவரால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது என்று இவர்களைக் கேட்பது நேர்மையாகாது. அவருடைய நாட்டில் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பது 1936-லேயே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. எங்கள் ஊர்த் தொழிலாளியின் ஒன்றரை ஷிப்ட் வாரத்தில் கம்பெனிக்குள் கழிவதோ ஏறத்தாழ 72 மணி நேரம். மன உறுதி தனி ஒருவரின் பண்பு மட்டுமல்ல, அது நேரத்தையும் இடத்தையும் சார்ந்தது. ஞாயிறு காலை மாரத்தான் ஓடும் கம்பெனி உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மாலையிலேயே வேலையை முடித்து அனுப்ப அவர்கள் முன்வந்தால் அது மாரத்தானைவிடப் பெரிய செயல். மைதானங்களில் இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிந்தால், பெண் தொழிலாளர்களும் அச்சமின்றி நடக்கவும் ஓடவும் முடியும்.

நேரம் வாய்த்தும் தயங்கி நிற்பவர்களுக்கு லிடியார்ட்டின் வாழ்க்கை சில நடைமுறைகளைக் காட்டுகிறது. நெடுநாள் நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். முதல் வாரத்தில் ஐந்து நிமிட ஓட்டம் போதும். பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம் என்று பொருள். கூச்சமின்றி நடைக்கு மாறலாம். கடிகாரத்தைவிட நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது. எத்தனை நிமிடத்தில் ஓடினோம் என்பதைக் காட்டிலும் இந்த மாதம் எத்தனை நாள் வந்தோம் என்பதே உடலை மாற்றும் கணக்கு. முடிந்தால் இருவர் மூவராக ஓடலாம். நாம் வராத நாளில் விசாரிக்க ஒருவர் இருப்பது எந்த உறுதிமொழியையும்விட வலுவானது.

எங்கள் மைதானத்தில் வேகமாக ஓடுபவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திணறிக்கொண்டிருக்கும் புதியவரைக் காணும்போது, ஆக்லாந்தின் அந்த முதியவரைப் போல ஒரு சுற்று மட்டும் வேகத்தைக் குறைத்து அவரோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். மாசியிலும் அவர் வருவார்.